ராஜகோபாலை நாம் ஏன் எழுதவில்லை?

போடிநாயக்கனூரில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டமொன்றில் சில வாரங்களுக்கு முன்பு ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. ஆட்டக்காரராயிருந்து பயிற்சியாளரான போர்த்துக்கீசியர் ஒருவரின் வாழ்க்கையும் பணியும் அதன் பொருள். நெலோ விங்காதா என்பது அவர் பெயர். கட்டுரையாளரான இளைஞர் உழைத்து எழுதியிருந்தார். 1953இல் பிறந்தவர் விங்காதா. 1996இல் சவூதி அரேபிய அணிக்கு ஆசியக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். 2010இல் தென்கொரியாவின் எஃப்.சி. சியோல் கழகத்தை லீக் வெற்றியாளராக்கினார். 2016இல் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணிக்கும், 2019இன் தொடக்கத்தில் கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கும் பயிற்சியளித்தார். போடியிலிருந்து மெட்டு ஏறிப் பூப்பாறை, தேவிகுளம், மூணாறு வழியாக மேற்கே இறங்கினால் நாம் போய்ச் சேருவது அந்தக் கொச்சிதான். ஆகவே கட்டுரை நம் ஊருக்கு ஒரு வகையில் அணுக்கமானதாகவும் இருந்தது. கூடியிருந்தோர் மகிழ்ந்து பாராட்டினர். நாமும் பாராட்டினோம்.

அக்கட்டுரையில் போகிற போக்கில் ஒரு செய்தி இருந்தது. 2017 மே மாதம் விங்காதா மலேசியத் தேசிய அணியின் பொறுப்பை ஏற்று, அவ்வாண்டின் இறுதியில் விலகினார் என்பது அது. வாசிப்பு முடிந்ததும் நாம் எழுந்து ஒரு கேள்வி கேட்டோம். "அதே நாற்காலியில் அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு கே. ராஜகோபால் என்றொருவர் அமர்ந்திருந்தாரே, அவரைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்திருக்கலாமே?" இளைஞர் நேர்மையாகவே விடை சொன்னார்: "அவர் யார் சார்?"

அவரைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. அன்று அங்கிருந்தோர் இருபது பேர். சிற்றிதழ்களுக்குச் சந்தா கட்டுபவர்கள். லத்தீன் அமெரிக்கப் புதினங்களை வரிசை தவறாமல் படித்தவர்கள். மரடோனாவைப் பற்றியும் மொரின்யோவைப் பற்றியும் கால்மணி நேரம் பேசக்கூடியவர்கள். மலேசியத் தமிழ்ப் புதினங்களைத் தேடிப் படிப்பவர்களும் அவர்களுள் இருந்தனர். இருபது பேரில் ஒருவருக்கும் ராஜகோபாலைத் தெரியவில்லை. அறியாமை குற்றமன்று. அந்த அறியாமைக்கு அடுத்த அரைமணி நேரத்தில் அங்கே சொல்லப்பட்ட நியாயங்கள்தாம் நம்மை எழுதத் தூண்டின.

முதலில் அவர் யாரென்று சொல்லிவிடுவோம். கிருஷ்ணசாமி ராஜகோபால் 1956இல் பிறந்தவர். சிலாங்கூர் அணியிலும் மலேசியத் தேசிய அணியிலும் முன்கள வீரராக ஆடியவர். ஆட்டம் ஓய்ந்தபின் பயிற்சியாளரானார். 2009இல் தேசிய அணி அவர் கைக்கு வந்தபோது அதன் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. அவ்வாண்டு சனவரியில்தான், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில், ஐக்கிய அரபு அமீரகத்திடம் சொந்த மண்ணிலேயே 0-5 என்று அந்த அணி தோற்றிருந்தது. அப்போது பயிற்சியாளராயிருந்த பி. சத்தியநாதன் விலக்கப்பட்டார். அந்த இடத்துக்குத்தான் ராஜகோபால் வந்தார்.

அவர் செய்த முதற்காரியம் இளைஞர்களை நம்பியது. 2009 டிசம்பரில் லாவோஸ் நாட்டு வியந்தியனில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில், இருபத்து மூன்று வயதுக்குட்பட்டோர் அணி அவரது பொறுப்பில் ஆடித் தங்கம் வென்றது. இறுதியாட்டத்தில் வியட்நாமை 1-0 என்று வென்றார்கள். மலேசியாவுக்கு அப்போட்டியில் 1989க்குப் பிறகு கிடைத்த முதல் கால்பந்துத் தங்கம் அது. அந்த இளைஞர்களில் பலரையே மறு ஆண்டு தேசிய அணியிலும் அவர் வைத்துக்கொண்டார்.

2010 டிசம்பர் 1. தென்கிழக்காசிய நாடுகளின் கோப்பைக்கான போட்டி. யகார்த்தாவில் முதல் ஆட்டம். எதிரணி இந்தோனேசியா. மலேசியா 1-5 என்று தோற்றது. ஐந்து கோல் வாங்கிய அணியை ஊடகங்களும் மக்களும் எப்படி நடத்துவார்கள் என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அடுத்து தாய்லாந்துடன் 0-0. பிறகு லாவோசை 5-1 என வென்று அரையிறுதி. அங்கே நடப்பு வெற்றியாளரான வியட்நாம். கோலாலம்பூரில் 2-0, ஹனோயில் 0-0. டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜலீல் அரங்கில் இறுதியாட்டத்தின் முதற்பகுதி. எதிரே நின்றது அதே இந்தோனேசியா. இம்முறை மலேசியா 3-0 என வென்றது. பார்வையாளர் சிலர் எதிரணி வீரர்கள்மீது லேசர் ஒளி பாய்ச்சி ஆட்டத்தைச் சற்று நேரம் நிறுத்த வைத்தது அந்த இரவின் இழுக்கு. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மூன்று நாள் கழித்து யகார்த்தாவில் மறுபகுதி. தொடக்கத்திலேயே இந்தோனேசியாவுக்குக் கிடைத்த பெனால்டியை இளம் கோல்கீப்பர் கைருல் ஃபாமி தடுத்தார். ஆட்டம் 1-2 என்று முடிந்தது. மொத்தக் கணக்கில் 4-2. அந்தக் கோப்பை மலேசியாவுக்கு வந்தது அதுவே முதன்முறை. 2010 டிசம்பர் 31ஐ அந்நாட்டு அரசு பொது விடுமுறையாக அறிவித்தது.

முதல் ஆட்டத்துக்கும் இறுதியாட்டத்துக்கும் இடையில் இருபத்தைந்து நாள்கள். 1-5 என்று தோற்ற அணி அதே எதிரியை 3-0 என்று வெல்ல இருபத்தைந்து நாள்கள். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வெளிநாட்டிலிருந்து புதிய வீரன் எவனும் வந்திறங்கவில்லை. ஏறத்தாழ அதே இளைஞர்கள், அதே கால்கள். இடையில் ஒரு மனிதர் இருந்தார். ஐந்து கோல் வாங்கித் தலைகுனிந்து உடைமாற்றும் அறைக்குள் வந்தவர்களை மறுநாள் காலை மைதானத்துக்கு அழைத்துப் போனார். கோல் போட்ட சஃபி சாலியின் பெயர் பாடலாயிற்று, அது நியாயமே. அந்த இருபத்தைந்து நாள்களின் கதை தமிழில் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? நாம் படித்தவரையில் இல்லை.

முடிவையும் சொல்லிவிட வேண்டும். 2012இல் அதே கோப்பையின் அரையிறுதியில் தாய்லாந்திடம் மலேசியா தோற்றது. 2013 முடிவோடு ராஜகோபாலின் காலம் முடிந்தது. அடுத்து டொல்லா சாலே பொறுப்பேற்றார். அதற்கும் அடுத்தடுத்து வந்தவர்களில் ஒருவர்தாம் நம் கட்டுரையாளர் எழுதிய விங்காதா. விங்காதா பெரியவர், அதில் நமக்கு ஐயமில்லை. ஆசியக் கோப்பையை வென்றவரே சில மாதங்களில் எழுந்து போக நேர்ந்த நாற்காலி அது. அதில் நான்காண்டுக்கு மேல் அமர்ந்து, அந்நாட்டுக்கு அதுவரை வாய்க்காத கோப்பையைப் பெற்றுத் தந்தவருக்கு நம் இருபது பேரிடம் பெயர்கூட இல்லை என்பதுதான் வழக்கு.

இனி அன்று சொல்லப்பட்ட நியாயங்களுக்கு வருவோம்.

முதல் நியாயம்: விளையாட்டு இலக்கியத்துக்குரிய பொருளன்று. சொன்னவர் நாம் மதிக்கும் கவிஞர். ஆனால் அவரே தம் கட்டுரைகளில் அல்பேர் கம்யூ அல்ஜியர்சில் கோல்கீப்பராக ஆடியவர் என்பதைச் சொல்ல மறப்பதில்லை. எடுவார்தோ கலியானோ கால்பந்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார் என்பதும் அவருக்குத் தெரியும். ஆக, விளையாட்டு இலக்கியமாகாது என்பது அவர் கொள்கையன்று. நம்மவர் விளையாட்டு இலக்கியமாகாது என்பதே கொள்கை. அதையாவது வெளிப்படையாகச் சொல்லலாம்.

தமிழ் படித்தவர்கள் இப்படிப் பேசுவது இரட்டிப்பு வியப்பு. முல்லைக்கலியின் ஏறுதழுவற் பாடல்களை நாம் வகுப்பில் நடத்துகிறோம். புறநானூற்றில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வென்றதைச் சாத்தந்தையார் மூன்று பாடல்களில் பாடியிருக்கிறார். அதே கிள்ளியை நக்கண்ணையார் மூன்று பாடல்களில் காதலித்திருக்கிறார். 80 முதல் 85 வரை எண்ணிட்ட அப்பாடல்களைப் புரட்டிப் பார்க்கலாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே விளையாட்டு நம் கவிதைக்குப் பொருளாயிருந்தது. ஆனால் ஒன்று. வென்றவனைப் பாடினார்கள், தோற்றவனுக்கும் பாட்டில் இடமிருந்தது, பார்த்து மயங்கியவளின் நெஞ்சும் பாட்டாயிற்று. கிள்ளிக்குப் பிடி சொல்லிக்கொடுத்தவன் யாரென்று அப்பாடல்களில் இல்லை. அந்த விடுபடல் இன்றும் தொடர்கிறது. நமக்கு ஆட்டக்காரன் தெரியும், ரசிகன் தெரியும். இருவருக்கும் நடுவில் கோட்டுக்கு வெளியே நின்று வேலை செய்பவன் தெரியவில்லை.

இரண்டாம் நியாயம்: அவர் மலேசியக் குடிமகன், அவரைப் பற்றி நாம் எழுத என்ன உரிமை, என்ன தேவை? சரி, விங்காதா எந்த ஊர்க்காரர்? மொரின்யோ சின்னமனூரில் பிறந்தவரா? உலகம் முழுவதையும் நம்முடையதாகப் பாவிக்கிறவர்கள், ராஜகோபால் என்ற பெயர் வந்தவுடன் மட்டும் கடவுச்சீட்டைக் கேட்கிறோம்.

மூன்றாம் நியாயம் இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து வந்தது. விவரம் கேட்டதும் ஒரு நண்பர் துள்ளி எழுந்து, "அப்படியென்றால் தமிழன் மலேசியாவுக்கே கோப்பை வாங்கித் தந்திருக்கிறான், இதை உடனே எழுதவேண்டும்" என்றார். நமக்கு முன்னிரண்டையும்விட இதுவே அதிக அச்சத்தைத் தருகிறது. வென்றபின் பெயரைப் பார்த்து உரிமை கொண்டாடுவது அன்பன்று. ராஜகோபால் வென்றது தமிழருக்காக அன்று. அவரது அணியில் மிகப் பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள். எஸ். குணாளன் போன்ற ஓரிருவரே இந்திய வம்சாவளியினர். இனக்கணக்கு அரசியலின் அன்றாடமாக இருக்கும் ஒரு நாட்டில், சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஒருவர், பெரும்பான்மை இனத்து இளைஞர்களைத் தம் பிள்ளைகளாகக் கொண்டு, எல்லோருக்கும் பொதுவான ஒரு கோப்பையைக் கொண்டுவந்தார். இதில் நாம் கற்கவேண்டியது ஏராளம். மார்தட்டத் தொடங்கினால் கற்கவேண்டிய அதுவே முதலில் காணாமற்போகும்.

இவ்வளவையும் போடியில் இருந்துகொண்டு ஏன் சொல்கிறோம்? காரணம் உண்டு.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணி முறையில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் போனார்கள். அதே முறையில்தான் நம் தலைக்குமேல் இருக்கும் மலைகளுக்கும் ஆள் ஏறினார்கள். கங்காணி, லயம், பேர் பதிதல் என்ற சொற்கள் இரண்டு இடத்துக்கும் பொது. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேசன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்துதான் வெளியுலகம் பார்த்தது. இன்றும் விடியுமுன் நம் பகுதி ஊர்களிலிருந்து பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகிறார்கள். இருட்டும் வேளையில் இறங்குகிறார்கள். அம்மலைகளில் கால்பந்து உண்டு. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் அணிகளுக்கிடையே ஃபின்லே கேடயத்துக்கான போட்டி 1940களிலிருந்து நடந்து வந்திருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொடங்கிய அந்தப் போட்டியில் ஆடியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்தம் பிள்ளைகளும். நம் மலையில், நம் மொழி பேசுவோர் ஆடிய கால்பந்துக்கு எண்பதாண்டு வரலாறு இருக்கிறது. எந்தத் தோட்டத்து அணி எந்த ஆண்டில் எப்படி வென்றது, அவர்களுக்கு ஆட்டம் கற்பித்தவர் யார் என்று நம்மில் எவரேனும் மலையேறிப் போய்க் கேட்டதுண்டா? எரியும் பனிக்காடு நூலைப் படித்துக் கண்ணீர் விட்டோம். அந்தக் காட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பந்தும் உருண்டது என்பதை மறந்தோம். துயரப்படும் தொழிலாளி நமக்கு இலக்கியம். திறமையுள்ள தொழிலாளி நமக்கு இலக்கியமில்லை.

பிறரைச் சொன்னது போதும். நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் இளங்கலை படித்த மாணவன் ஒருவன் பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டத்திலிருந்து வந்தவன். தாய் காய் எடுப்பவர். ஏலச்செடியில் எல்லாக் காயும் ஒன்றாக முதிர்வதில்லை. முதிர்ந்ததை மட்டும் பார்த்து எடுத்து, இளங்காயை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்கு மூத்தவள் ஒருத்தி பக்கத்தில் குனிந்து நின்று அதைச் சொல்லித் தருவாள். போடியின் ஏலத்தில் காயின் பருமனும் நிறமும் விலையும் திரையில் ஓடும். எடுத்தவள் பெயரும் ஓடாது, எடுக்கக் கற்றுத்தந்தவள் பெயரும் ஓடாது. அந்தப் பின்புலத்திலிருந்து வந்த பையன் நன்றாகப் பந்தாடுவான் என்று சக மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒருநாள் 'நான் போற்றும் பெருந்தகை' என்று கட்டுரை எழுதப் பணித்தோம். மற்றவர்கள் காந்தியையும் கலாமையும் எழுதினார்கள். அவன் தன் பள்ளியில் இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டு மாற்றலாகிப் போன உடற்கல்வி ஆசிரியரை எழுதியிருந்தான். சரிவான தரையில் பந்து ஆடக் கற்றவர்களுக்குச் சமதரையில் ஆடும்போது கால் தடுமாறும், அதை அவர் எப்படித் திருத்தினார் என்று ஒரு முழுப்பக்கம் எழுதியிருந்தான். நாம் அதை அடித்துவிட்டு, 'சான்றோர் ஒருவரைப் பற்றி எழுதுக' என்று சிவப்பு மையில் குறித்தோம்.

இன்று அவன் மலைக்கு ஜீப் ஓட்டுகிறான். அண்மையில் கடைத்தெருவில் கண்டு நின்று பேசினான். பழைய கட்டுரையை நினைவூட்டியவன் அவனே. "அப்ப நீங்க அடிச்சது கூடப் பரவாயில்ல சார். அவரு பேரு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான். குற்றம் சாட்டும் குரலில்லை. நாம் விடை சொல்ல வகையற்று நின்றோம். வாசகர் வட்டத்தில் "அவர் யார் சார்?" என்று கேட்ட இளைஞர் நம்மைவிட மேலானவர். அவர் கேட்கவாவது செய்தார்.

பயிற்சியாளர் என்பவர் முதலில் ஆசிரியர். 1951இலும் 1962இலும் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கால்பந்துத் தங்கம் பெற்றுத் தந்த ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராயிருந்தவர். மொரின்யோவும் தொடக்கத்தில் பள்ளியில் உடற்கல்வி கற்பித்தவர்தாம். ரஹீம் 1963இல் மறைந்தார். அவரைப் பற்றித் திரைப்படம் ஒன்று வர 2024 ஆயிற்று. அறுபத்தோராண்டு! எழுத்தாளர்கள் எழுதாத இடத்தைத் திரைப்படம்தான் நிரப்பவேண்டுமென்றால், நம் இதழ்கள் எதற்கு? ஆசிரியத் தொழில் செய்யும் நாமே ஆசிரியனை மறந்தால், மறதிக்கு வேறு யாரைக் குறை சொல்ல?

இதன் விளைவு ஏட்டோடு நிற்பதில்லை. எழுதப்படாத தொழிலுக்கு ஊரில் மதிப்பிருக்காது. மதிப்பில்லாத தொழிலுக்குரிய பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார், ஒருவரும் கேட்கமாட்டார்கள். மைதானத்தில் கட்டடம் எழும்; ஒருவரும் கேட்கமாட்டார்கள். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் ஆண்டுக்கணக்கில் வெறுமையாய்க் கிடக்கும். பெற்றோர் கூட்டத்தில் அது பேச்சாகாது. மலைச்சரிவில் நல்ல கால்களோடு பிறக்கும் ஒரு பிள்ளை, தன்னைத் திருத்த ஒருவரும் வராமல், பதினெட்டு வயதில் தோட்டத்துக்கோ வண்டிக்கோ போய்விடும். பிறகு நாம் வாசகர் வட்டத்தில் அமர்ந்து, 'நூற்று நாற்பது கோடிப் பேரில் பதினொருவர் கிடைக்கவில்லையே' என்று அங்கலாய்ப்போம். பதினொருவர் இருக்கிறார்கள் அய்யா. பன்னிரண்டாமவரைத்தான் நாம் மதிக்கவில்லை.

ஆகவே நம் வேண்டுகோள் எளியது. விங்காதாவை எழுதுங்கள், நன்றாகவே எழுதுங்கள். அதோடு ராஜகோபாலின் இருபத்தைந்து நாள்களையும் எழுதுங்கள். 2013இல் சிங்கப்பூரின் லயன்ஸ் பன்னிரண்டு அணியை மலேசிய லீக்கின் வெற்றியாளராக்கிய வி. சுந்தரமூர்த்தியை எழுதுங்கள்; அவரும் ஆட்டக்காரராயிருந்து பயிற்சியாளரானவர். சென்னையின் சபீர் பாஷாவை எழுதுங்கள். இந்தியாவுக்கு ஆடியவர், 2022இல் சென்னையின் எஃப்.சி. பயிற்சியாளரில்லாமல் நின்றபோது அதை இடைக்காலத்தில் ஏந்தியவர். பெருமை பேசி எழுதவேண்டாம். அவர்கள் தோற்ற ஆட்டங்களையும் சேர்த்து எழுதுங்கள். மலேசிய நண்பர்கள் இதைப் படித்தால், ராஜகோபாலிடம் ஒரு நீண்ட நேர்காணல் எடுத்துத் தமிழில் தாருங்கள். 2010 டிசம்பர் 2 காலையில் அந்தப் பையன்களிடம் அவர் என்ன சொன்னார் என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும்.

நம் பங்குக்கு ஒன்று செய்ய முடிவு செய்திருக்கிறோம். வருகிற விடுமுறையில் குறிப்பேட்டுடன் மெட்டு ஏறப்போகிறோம். கேடயப் போட்டியில் ஆடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் யார் ஆடினார்கள் என்று கேட்குமுன் யார் கற்பித்தார்கள் என்று கேட்போம். போகும் வண்டியை ஓட்டப்போகிறவன் நம் பழைய மாணவன். அவனுடைய ஆசிரியரின் பெயரைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் ஏற்கெனவே எழுதிவிட்டோம்.